கருவிழி மாற்று சிகிச்சையில் லேசர்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

போன மாதம் என் அக்கா மகன் இரண்டு காகிதங்களோடு வந்து நின்றான். 24 வயது. அவனுக்குக் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி (கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியா) மெலிந்து கூம்பு போல முன்னால் பிதுங்கும் நோய். இரண்டு கண் மருத்துவமனைகளில் காட்டியிருக்கிறான். இரண்டு இடத்திலும் கருவிழியை மாற்றலாம் என்று சொல்லி மதிப்பீடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் லேசர் என்று இருந்தது, தொகை அதிகம். இன்னொன்றில் அந்தச் சொல்லே இல்லை, தொகை குறைவு. "எது நல்லது மாமா?" என்றான்.

நான் மருத்துவர் இல்லை. கண் வங்கியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியோடு வந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள்: லேசர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்ப்பார்கள். ரயில் டிக்கெட்டையும் பஸ் டிக்கெட்டையும் ஒப்பிடலாம், இரண்டும் மதுரைக்குப் போனால். இவன் கையில் இருந்ததில் ஒன்று மதுரைக்கு, மற்றது சேலத்துக்கு.

கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன். அதற்குள் பல அடுக்குகள். நமக்கு இப்போது முக்கியம் இரண்டு: நடுவில் உள்ள தடித்த ஸ்ட்ரோமா, கடைசியில் ஒரே வரிசையாக நிற்கும் எண்டோதீலியம் செல்கள். இந்தச் செல்கள்தான் உள்ளே புகும் நீரை வெளியே இறைத்துக் கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை. போனால் போனதுதான், உடம்பு புதிதாக உண்டாக்கிக்கொள்ளாது. கெரட்டோகோனஸில் பெரும்பாலும் இந்தப் பின்வரிசை நன்றாகவே இருக்கும், கெட்டது முன்னால் உள்ள பகுதி. அதனால் நோயாளியின் சொந்தப் பின்வரிசையை விட்டுவிட்டு, முன்பகுதியை மட்டும் மாற்றும் 'டால்க்' முறை உண்டு. கண்புரை அறுவைக்குப் பிறகு கருவிழி வீங்கிப்போனவர்களுக்கு இதன் தலைகீழ்: பின்னடுக்கு மட்டும் போதும். 'டிசெக்', 'டிமெக்' என்பவை அந்த வகை.

அவனுடைய லேசர் காகிதம் முழுத் தடிமனையும் மாற்றச் சொன்னது. லேசர் இல்லாத காகிதம், கையால் செய்யும் டால்க். அவன் ஒப்பிட்டதாக நினைத்தது கருவியை. உண்மையில் அவன் முன் இருந்தவை இரண்டு வேறு அறுவை சிகிச்சைகள். எந்த அடுக்கை மாற்றப் போகிறார்கள் என்று தெரியாமல் லேசரைப் பற்றிப் பேசுவதில் பயனே இல்லை.

சரி, அடுக்கு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சறுக்கல், லேசர் என்றால் ஒன்றுதான் என்று நினைப்பது. கருவிழி மாற்றில் வெட்டும் வேலைக்கு இரண்டு லேசர்கள் உண்டு. இரண்டும் வெட்டும் விதம் அடியோடு வேறு.

எக்ஸைமர் லேசர், 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி. இதன் பின்னால் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். இங்கே பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் இந்த ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. பிற்பாடு லேசிக் வந்தது இந்த வழியில்தான். ஜெர்மனியின் எர்லாங்கனில் நவ்மன் குழுவினர் 1989இல் இதைக் கருவிழி மாற்றுக்குக் கொண்டுவந்தார்கள். ஓரத்தில் எட்டுப் பற்கள் வைத்த உலோக முகமூடியைக் கண்மீது வைத்து, அதன் விளிம்பையொட்டி லேசர் மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே போகும். தானம் வந்த கருவிழியையும் அதே போல வெட்டி, பல்லுக்குப் பல் பொருத்துவார்கள். கண்ணை எதுவும் அழுத்துவதில்லை. கூம்பாகப் பிதுங்கிய கருவிழிக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் அழுத்தி வெட்டினால் விட்டதும் வடிவம் மாறும்.

ஃபெம்டோசெகண்ட் லேசரின் பிறப்பு ஒரு விபத்தில். 1993 வாக்கில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறிப்போய்க் கதிர் பட்டது. பரிசோதித்த மருத்துவர் ரான் கர்ட்ஸ், விழித்திரையில் இருந்த காயம் அவ்வளவு கச்சிதமாக இருப்பதைப் பார்த்து அசந்துபோய், அந்த லேசரைத் தேடிப் போனார். அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான ஜெரார் மூருவுக்கு 2018இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இந்த லேசர் மேலிருந்து செதுக்குவதில்லை. கண்ணாடி போன்ற திசுவைக் கடந்து உள்ளே குறித்த ஆழத்தில் குவிந்து நுண்குமிழிகளை உண்டாக்கும். குமிழிகள் வரிசையாகச் சேர்ந்தால் அது வெட்டு. அதனால் நேர்க்கோட்டில் மட்டுமில்லாமல் படிபோலவும், வளைந்தும், குறுக்காகவும் வெட்ட முடியும். ஆனால் வெட்டும் நேரத்தில் கண்ணை உறிஞ்சிப் பிடித்து அழுத்தி நிறுத்த வேண்டும்.

இந்த வடிவங்களில்தான் ஃபெம்டோவின் ருசி. தச்சர் இரண்டு பலகைகளைப் படிவெட்டி இணைத்தால் ஆணி அடிக்கும் முன்பே அவை கவ்விக்கொள்ளும் அல்லவா? அதே தத்துவம். வட்டக் கத்தியால் வெட்டினால் நேர்ச் சுவர். ஃபெம்டோவால் வெட்டினால் கோணல்மாணலான சுவர், ஒட்டும் பரப்பு அதிகம். தொப்பி வடிவத்தில் பின்பக்கம் அகலம், ஆகவே புதிய எண்டோதீலியம் அதிகமாக வரும். காளான் வடிவத்தில் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல், ஆகவே நோயாளியின் சொந்தச் செல்கள் அதிகம் மிஞ்சும். இவை இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, "தொப்பிதான் புதுசாம், அதையே கேட்போம்" என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்வரிசை நல்ல நிலையில் இருக்கும் கண்ணுக்குத் தொப்பி எதற்கு?

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறுக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள்: லேசரில் சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளையாததால் வரும் பவர்) இவ்வளவு, கத்தியில் இவ்வளவு. எந்த மாதத்தில் அளந்தது என்று போட்டிருக்காது. கருவிழி மாற்றிய கண்ணில் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் பொதுவாக 16 தையல்கள் இருக்கும். தையல் இறுக்கமாக இருக்கும் பக்கம் கருவிழி ஒரு மாதிரி வளையும், எடுத்தால் இன்னொரு மாதிரி. எனவே தையலோடு அளந்த எண்ணும் எல்லாத் தையலையும் எடுத்த பின் அளந்த எண்ணும் ஒரே கண்ணிலேயே வேறுபடும்.

ஃபெம்டோ வெட்டையும் கையால் வெட்டியதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியது இதுதான்: முதல் ஆறு மாதத்தில் லேசர் பக்கம் சிலிண்டர் குறைவு, அதற்குப் பிறகு இடைவெளி பெரும்பாலும் காணாமல் போகிறது. கண்ணாடி போட்டுக் கிடைக்கும் இறுதிப் பார்வையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதனால் லேசர் வீண் என்று ஆகாது. காயம் சீக்கிரம் பலப்படுவதால் தையலை முன்னதாக எடுக்கலாம், கையால் வெட்டியதில் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருப்பது சாதாரணம். வேலைக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டியவருக்கு அந்த மாதங்கள் பணம் கொடுத்து வாங்கத் தக்கவைதான். ஆனால் வாங்குவது அந்த மாதங்களைத்தான், ஆயுளுக்கும் கூர்மையான பார்வையை இல்லை.

துல்லியமான கருவி எங்கே வைத்தாலும் துல்லியம் என்ற நினைப்பும் தவறு. பின்னடுக்குத் துண்டை ஃபெம்டோவால் சீவிப் பார்த்தார்கள். ஆழத்தில் லேசர் விட்டுச்சென்ற பரப்பு எதிர்பார்த்த அளவு வழுவழுப்பாக இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2009இல் வெளியான சோதனையில் அப்படிச் செய்த கண்களில் சிலிண்டர் குறைந்தது. ஆனால், முழுத் தடிமன் மாற்றிய கண்களைவிடப் பார்வையும் குறைவு, எண்டோதீலியம் செல் இழப்பும் அதிகம். ஒரே எண்ணைப் பார்த்து ஜெயித்தவரை அறிவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எல்லாக் கண்ணுக்கும் ஃபெம்டோ பொருந்தாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஒளி கடந்து போனால்தான் அது வெட்டும். அடர்த்தியான வெள்ளைத் தழும்பு வழியை மறைத்தால் வெட்டு அரைகுறையாக நிற்கும். கண் அழுத்த நோய்க்கு ஏற்கெனவே அறுவை செய்து வடிகால் வைத்த கண்ணையும், கருவிழி ஓட்டையாகிவிட்ட கண்ணையும் உறிஞ்சிப் பிடிப்பது ஆபத்து. அங்கெல்லாம் வட்டக் கத்தி எடுப்பவர் பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம், லேசரில் செய்தால் உடம்பு புதுக் கருவிழியை நிராகரிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிராகரிப்பது நோய் எதிர்ப்பு சக்தி. வெட்டியது எது என்று அதற்குக் கவலை இல்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்து எந்த முறையிலும் உண்டு. சிவப்பு, வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் வந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். லேசிக் போல இதற்குப் பிறகு கண்ணாடி வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவன் இரண்டு காகிதங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தான். லேசர் காகிதத்தில் எந்த லேசர், எந்த வடிவம் என்று எழுதியிருக்கவில்லை. டால்க் காகிதத்தில், அறுவையின் நடுவில் பின்வரிசையைத் தாங்கும் சவ்வு கிழிந்தால் முழுத் தடிமனுக்கு மாற வேண்டிவரும் என்று ஒரு வரி இருந்தது. அது நியாயமான வரி, டால்க்கில் அப்படி நடப்பதுண்டு.

"லென்ஸ் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன். கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழிமேல் உட்காரும் ஸ்கிளீரல் லென்ஸைச் சொன்னேன். கெரட்டோகோனஸ்காரர்கள் பலர் அதோடு அறுவையே இல்லாமல் சமாளிக்கிறார்கள்.

"அது என்ன மாமா?" என்றான்.