வாகரைப் பக்கத்து வேடர் ஊர்ப் புள்ளையள வேலையில சேர்க்கிறதும், சேர்ந்த வேலையில நிலைக்க வைக்கிறதும் எப்பிடி

இலங்கையில மட்டக்களப்பு மாவட்டத்து எங்கட வாகரைப் பக்கம் குஞ்சங்கல்குளம், மதுரங்கேணிக்குளம், பால்சேனை, கதிரவெளி எண்டு பழங்குடிகளான வேடர் வழிச் சனம் இருக்கிற ஊருகளுக்கு தொழில் திட்டம் எண்டு வந்தது கொஞ்ச நஞ்சமில்ல. வருவாங்க, மூண்டு நாள் ட்ரெயினிங் குடுப்பாங்க, செட்டிபிகேட்டோட ஒரு போட்டோ எடுப்பாங்க, மறுகா மூண்டு மாசத்தால போய்ப் பாத்தா அதே பொடியன் அதே தோணியடியில நிப்பான். நான் இளைஞர் கழகத்துப் பொடியனுகளோட சேந்து இந்த அலுவலா கொஞ்சக் காலமா ஓடித்திரியிற ஆள், எனக்கு விளங்கினது வேலை எடுத்துக் குடுக்கிறது பாதி வேலை கூட இல்ல, சேர்ந்த முதல் ஆறு மாசம் புள்ளையோட நிக்கிறதுதான் பெரிய வேலை. ஊர்ச் சங்கமோ, இளைஞர் கழகமோ, ரீச்சர்மாரோ, ஆர் இதைத் தொடங்கினாலும் கீழ சொல்ற மாதிரிச் செஞ்சு பாருங்க.

முதல்ல கடதாசி. இதைக் கடைசிக்கு வச்சா எல்லாம் குழம்பும். பிறப்புப் பத்திரம் இல்லாட்டி ஐடென்டிட்டி காட் இல்ல, காட் இல்லாட்டி பேங்க் புத்தகம் இல்ல, அது இல்லாட்டி சம்பளம் கையில, கையில வாங்கிற சம்பளத்துக்கு பெரும்பாலும் பதிவும் இல்ல, ஈபிஎப் எண்ட ஊழியர் சேமலாப நிதியும் இல்ல. வீட்டில பிறந்து பதியாம விட்ட புள்ளையளும் இருக்கு, 2004 சுனாமியிலயும் 2006, 2007 இடம்பெயர்விலயும் குடும்பத்துக் கடதாசியெல்லாம் துலைச்ச வீடுகளும் இருக்கு. பிறந்து மூண்டு மாசத்துக்குள்ள பதியாட்டி அது காலங்கடந்த பதிவு, அதுக்கு டிஎஸ் ஒபிசில, அதாவது பிரதேச செயலகத்தில, பதிவாளர் பகுதிக்குப் போகணும். ஒரு அம்மா ஓலைக் கூரை வளையில செருகி வச்சிருந்த ஷொப்பிங் பேக்க இறக்கி எனக்கு முன்னால பிரிச்சா, உள்ள இருந்த கிளினிக் காட்டில மை கரைஞ்சு போய்க் கிடக்கு, ஆனா புள்ளைக்கு நிறை பாத்த திகதி ரெண்டு மட்டும் பென்சிலால எழுதினபடியா அழியாம இருந்திச்சு. அந்த ரெண்டு திகதியும் பள்ளிக்கூடத்துப் பதிவும் ஜீஎஸ்ட, அதான் கிராம சேவகர்ட, கடிதமும் சேந்துதான் அந்தப் புள்ளைட அலுவல் முடிஞ்சுது. அதால எந்தக் கிழிஞ்ச துண்டையும் தூக்கி எறிய விடாதீங்க. தகப்பன்ட பேர் ஒரு கடதாசியில ஒரு மாதிரியும் மற்றதில வேற மாதிரியும் இருக்கோ எண்டும் முதல் நாளே பாருங்க, அந்த ஒரு எழுத்துக்காக கிழமைக் கணக்கா அலைஞ்சிருக்கம். ஜீஎஸ்ட்ட தனித்தனியா அனுப்பாம பத்துப் பேர்ட விசயத்தையும் ஒரு நாளில கேட்டு எடுத்தா அவருக்கும் லேசு உங்களுக்கும் லேசு.

இன்னொண்டு, புள்ளையள எப்பிடிக் கூப்பிடுறதெண்டு அவங்கட்டயே கேளுங்க. சில பேர் வேடர் எண்டு நெஞ்ச நிமித்திச் சொல்லுவாங்க, சில குடும்பம் வேட வெள்ளாளர் எண்டு சொல்லும், சில புள்ளையள் பள்ளிக்கூடத்தில பட்ட கேலியால ஒண்டுமே சொல்லாது. பெனரில ‘ஆதிவாசி இளைஞர்’ எண்டு பெருசா அடிச்சு நடு றோட்டில கட்டினா வாற புள்ளையும் வராது.

அடுத்தது வேலைய முதல்ல பிடிங்க, ட்ரெயினிங்க மறுகா போடுங்க. நாங்க தலைகீழாச் செஞ்சுதான் பட்டம், இருபது புள்ளையளுக்கு தையல் பழக்கிப்போட்டு ஆர் எடுப்பாங்க எண்டு தேடித் திரிஞ்சம். அவுஸ்திரேலியாவில அபொரிஜினல், டொரஸ் நீரிணைத் தீவுச் சனத்துக்கு 2014 இல விடெக் எண்டு தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு மையங்கள் தொடங்கினாங்க, அங்க முதல்ல முதலாளிட்ட வேலைய உறுதியா வாங்கினாங்க, அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் பழக்கினாங்க, புள்ளை 26 கிழமை அந்த வேலையில நிலைச்சதா எண்டு பாத்தாங்க. அந்த 26 கிழமைய நான் அப்பிடியே எடுத்துக்கொண்டன், எங்கட கொப்பியில இப்ப எத்தின பேர் சேர்ந்தாங்க எண்ட கணக்கே இல்ல, ஆறு மாசம் தாண்டினது எத்தின எண்ட கணக்கு மட்டும்தான். கனடாவில 2019 இல தொடங்கின ஐசெட் எண்ட பழங்குடிகள் தொழிற்பயிற்சித் திட்டத்தில முதற்குடிகள், இனுயிட், மெத்தி எண்டு ஆக்களுக்கு ஆக்கள் தனித்தனி வழி வச்சு, அவங்கட அமைப்புகளே நடத்துது. இங்கயும் அந்த ஊர் அண்ணன் அக்கா ஒராள் முன்னால நிக்காம மட்டக்களப்பு டவுனில இருந்து நாங்க மட்டும் நடத்தினா புள்ளையள் ஓம் ஓம் எண்டு தலையாட்டும், ஆனா மனசில கிடக்கிறதச் சொல்லாது.

ட்ரெயினிங் எடுக்கிற இடத்தப் பொறுத்த வரைக்கும் டிஎஸ் ஒபிசில மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், முதல்ல அவரைப் போய்ப் பாருங்க. தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கு, வேலை செய்ற இடத்திலயே பழகிறதுக்கு நைட்டா எண்ட பயிலுனர் பயிற்சி அதிகார சபை இருக்கு, ஹொட்டேல் தொழிலுக்கு பாசிக்குடாவிலயே ஹொட்டேல் ஸ்கூல் இருக்கு. ஓஎல் சோதினை பாஸ் இல்லையே எண்டு புள்ளைய வீட்டில இருத்தாதீங்க, அது கேக்காத கோர்சும் கிடக்கு. எந்தக் கோர்ஸ் எண்டாலும் என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருவாங்களா, என்ன லெவல் எண்டு கேட்டுப்போட்டு சேருங்க, நாலு எடுத்தா முழுக் கைத்தொழில்காரர் எண்ட கணக்கு, அஞ்சு ஆறு டிப்ளோமா. ஏற்கனவே மேசன் வேலையோ வெல்டிங்கோ வருசக் கணக்காச் செய்ற பொடியன் திரும்ப வகுப்பில இருக்கத் தேவையில்ல, முன்கற்றல் அங்கீகாரம் எண்டு ஒரு வழி இருக்கு, செஞ்ச வேலைட போட்டோ, வேலை குடுத்த ஆக்கள்ட கடிதம் எல்லாம் சேத்து வச்சு விண்ணப்பிச்சா அவங்க வந்து வேலையப் பாத்து, கேள்வி கேட்டு என்விகியூ தருவாங்க.

இப்பதான் முக்கியமான இடம், முதல் மாசம். எங்களோட இருந்த ஒரு பொடியன ஒரு ஹொட்டேலில சேர்த்தம், நல்ல கெட்டிக்காரன், பன்னிரெண்டாம் நாள் ராவு சொல்லாமக் கொள்ளாம வீட்ட வந்திட்டான். எல்லாரும் அவனை ஏசினாங்க, ‘அவனுகளுக்கு வேலை சரிவராது’ எண்ட பழைய கதைய ஒராள் சொல்லவும் செஞ்சார். நான் போய் அவனோட வாடியடியில இருந்து கதைச்சன். கையில காசு இல்ல, தங்கிற போடிங்கில சோத்துக்கு கடன், கறுப்புச் சப்பாத்து ரெண்டு சைஸ் சின்னன், குதிக்கால் வெடிச்சு புண்ணாகிக் கிடக்கு, அதுக்கு மேல சூப்பவைசர் எல்லாருக்கும் முன்னால ‘டேய் வேடன்’ எண்டு கூப்பிட்டிருக்கார். ‘அண்ணன், காலைப் பொறுத்தன், அதைப் பொறுக்க ஏலாமப் போச்சு’ எண்டான். மூண்டு வருசம் போயும் அந்தச் சொல் எனக்கு மறக்கல்ல.

அதுக்குப் பிறகு நாங்க செய்றது இதுதான். சம்பளம் மாச முடிவிலதான் வரும், அதுவரைக்கும் பஸ், சாப்பாடு, போடிங் முற்காசு, சப்பாத்து, சேட்டு எல்லாத்துக்கும் ஒரு சுழற்சிக் காசு சங்கத்தில வைங்க, ரெண்டாம் சம்பளத்தில இருந்து எள்ளுப்போல எள்ளுப்போலக் கட்டட்டும், வட்டி வேணாம். சப்பாத்து வாங்கப் புள்ளையக் கூட்டிக்கொண்டு போய் போட்டுப் பாத்து வாங்குங்க. ஒராளைத் தனிய அனுப்பாதீங்க, ஒரே ஊர்ப் புள்ளையள் ரெண்டு பேரா ஒரே இடத்துக்கு அனுப்புங்க, வாகரையில இருந்து டவுன் அறுபது கிலோமீட்டருக்கு மேல, ராவில கதைக்க ஒராள் வேணும். பொம்புளப் புள்ளையள் எண்டா தாயும் தகப்பனும் போடிங்க நேர போய்ப் பாத்து வரட்டும், அந்த பஸ் காசையும் சங்கம் குடுக்கணும், ஒருக்கா கண்ணால கண்ட தாய் மறுகா ‘வா மனே வீட்ட’ எண்டு கூப்பிடுறது குறையும். முதலாளியோடயும் கதைங்க, பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது எண்டு சேர்க்க முதலே தெளிவாச் சொல்லுங்க, வேடர் ஊர்களில செய்ற குமார தெய்வச் சடங்குக்கு எப்ப லீவு வேணும் எண்டும் அப்பவே சொல்லி வைங்க. சொல்லாமப் போறதாலதான் பேர் கெடுது, முதலே சொன்னா முக்கால்வாசி முதலாளிமார் ஓம் எண்டுதான் சொல்றாங்க.

முதல் மாசம் கிழமைக்கு ரெண்டு கோல், ஒண்டு புள்ளைக்கு, ஒண்டு சூப்பவைசருக்கு. ‘எப்பிடி இருக்காய்’ எண்டு மட்டும் கேட்டா ‘நல்லம்’ எண்டு முடியும், ‘மத்தியானம் என்ன சாப்பிட்டாய், ஆரோட இருந்து சாப்பிட்டாய்’ எண்டு கேளுங்க, தனிய இருந்து சாப்பிட்டன் எண்டா அடுத்த நாளே போய்ப் பாருங்க. ரெண்டாம் மாசத்தில இருந்து கிழமைக்கு ஒருக்கா, ஆறு மாசம் முடியும் வரைக்கும்.

நியமனக் கடிதம் வாங்காம எந்தப் புள்ளையையும் விட்டுப்போட்டு வராதீங்க. ஈபிஎப்புக்கு புள்ளைட சம்பளத்தில 8 வீதம் வெட்டி முதலாளி 12 வீதம் போடணும், ஈடிஎப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுக்க முதலாளிதான். சம்பளம் 40,000 எண்டா புள்ளைட 3,200, முதலாளிட 4,800, ஈடிஎப் 1,200. இதைப் புள்ளைக்கும் வீட்டுக்கும் கடதாசியில எழுதிக் காட்டுங்க, இல்லாட்டி ‘காசு வெட்டிட்டாங்க’ எண்டு சொல்லியே வேலைய விட்டிடுவாங்க. வெட்டிப்போட்டுக் கட்டாம விடுறாங்க எண்டு தெரிஞ்சா தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுக்கலாம், அதுக்கு சம்பளத் துண்டு வேணும், அதால மாசா மாசம் துண்டப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வயசும் பாருங்க, 2021 இல இருந்து 16 வயசுக்குக் குறைஞ்ச புள்ளைய வேலைக்கு வைக்க ஏலாது, ஆரும் கேட்டாலும் அனுப்பாதீங்க.

எல்லாப் புள்ளையும் ஊரை விட்டுப் போகணும் எண்டும் இல்ல. தேன் எடுக்கத் தெரிஞ்சவன், களப்பில மீன் பிடிக்கத் தெரிஞ்சவன் அந்தத் தொழிலையே பதிவோட, பேங்க் புத்தகத்தோட, நல்ல போத்தலில அடைச்சு விலை பேசி விக்கிற அளவுக்கு வந்தா அதுவும் நிலையான வேலைதான், அதையும் அதே கொப்பியில எழுதுங்க.

இடையில விட்டுட்டு வாற புள்ளை வரத்தான் செய்யும். ஏசாதீங்க, ரெண்டு நாள் விடுங்க, மறுகா போய் என்ன நடந்தது எண்டு கேளுங்க. அந்த ஹொட்டேல் பொடியன் நாலு மாசத்தால ‘அண்ணன், வேற இடம் இருந்தாப் பாருங்களன்’ எண்டு அவனாத்தான் கோல் எடுத்தான், வெல்டிங் கடை ஒண்டில சேர்த்தம், இந்த முறை சப்பாத்து ஒன்பதாம் நம்பர்.