கலிஃபோர்னியா நோய் விடுப்புச் சட்டம்: முதலாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, 2024 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 3 நாளிலிருந்து (24 மணி) 5 நாளாக (40 மணி) உயர்ந்தது. எஸ்.பி. 616 (மாநில செனட் மசோதா எண் 616) என்ற சட்டம் கொண்டுவந்த மாற்றம் இது. ஊழியர் கையேட்டில் 24ஐ அடித்து 40 என்று எழுதினால் போதும் என நினைப்பதுதான் முதல் தவறு.

5 நாள், 40 மணி இரண்டில் எது கூடுதலோ அதைத் தர வேண்டும். நாளுக்கு 10 மணி நேரம் நிற்கும் சமையல்காரருக்கு 5 நாள் என்பது 50 மணி. 40-ல் நிறுத்தினால் ஒரு முழு நாள் சம்பளம் அவர் கையிலிருந்து போகிறது. நாளுக்கு 6 மணி பார்க்கும் பகுதிநேர ஊழியரோ 5 நாள் எடுத்தாலும் 30 மணிதான் கழியும். மீதி 10 மணி அவருக்கு உண்டு.

30 மணி வேலைக்கு 1 மணி என்று விடுப்பைச் சேர்த்துத் தருபவர்கள் இரண்டு வரம்புகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓர் ஆண்டில் எடுக்கும் அளவை 40 மணி அல்லது 5 நாள், இரண்டில் கூடுதலானதோடு நிறுத்தலாம். ஆனால் கணக்கில் 80 மணி அல்லது 10 நாள் வரை சேர விட வேண்டும். சம்பள மென்பொருளில் பழைய வரம்பான 48 அப்படியே இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். ஆண்டு முடிந்ததும் மிச்சத்தை அழிப்பதும் தவறு. முழு விடுப்பையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் மட்டும் மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. சிறிய கடைகளுக்கு இந்த வழியே சுலபம் என்பது எங்கள் கருத்து.

உணவகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "உனக்குப் பதில் ஆள் பிடித்துவிட்டு லீவு எடு." காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் இப்படிக் கேட்பது மனிதத்தன்மையற்றது, சட்டமும் இந்த நிபந்தனையை வெளிப்படையாகத் தடுக்கிறது. மாற்று ஆளைத் தேடுவது முதலாளியின் வேலை.

மாநிலச் சட்டத்தோடு நின்றுவிடவும் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் நகரச் சட்டம் 48 மணி கேட்கிறது. இரண்டில் ஊழியருக்கு எது சாதகமோ அதுவே செல்லும்.

மீதி விடுப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு சம்பளத்தின்போதும் சம்பளச் சீட்டிலோ தனித்தாளிலோ எழுதித் தர வேண்டும். பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர் ஓராண்டுக்குள் திரும்பி வந்தால், விலகும்போது காசாக வாங்கியிராத பழைய மிச்சத்தை அவர் கணக்கில் மறுபடி ஏற்றுங்கள்.