புகாண்டா அரசர் பட்டியலில் தாய்மாரைத் தேடுவது எப்படி?

இன்றைய உகாண்டாவின் தென்பகுதியில் இருந்த புகாண்டா அரசில் சொத்து எங்கே சேர்ந்தது, யார் நிராதரவாக நின்றார்கள் என்று பார்க்க வேண்டுமானால், கபாகா எனப்படும் அரசர்களின் பட்டியலைத் தாய்வீட்டுப் பக்கமிருந்து படிக்க வேண்டும்.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: அரசர், தாயின் பெயர், தாயின் குலம், தாய்மாமனுக்குக் கிடைத்த பதவி, அரியணைப் போட்டியில் தோற்ற சகோதரர்கள். மூன்றாவது கட்டத்தில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். ஊரில் எல்லாருக்கும் அப்பா வழிக் குலம். அரச பிள்ளைகளுக்கு மட்டும் அம்மா வழி. அதனால் ஆட்சி மாறும்போது குலமும் மாறிவிடும். முதலாம் முட்டேசாவின் தாய் முகன்சிர்வாசா யானைக் குலம். முட்டேசாவின் மகன் இரண்டாம் முவாங்காவின் தாய் நீர்நாய்க் குலம். மகளை அரண்மனைக்குக் கட்டிக்கொடுப்பதில் குலங்கள் ஏன் அவ்வளவு முனைப்பாக இருந்தன என்பது இங்கேயே விளங்கிவிடும்.

அடுத்து, தாயின் சொத்தைக் குறியுங்கள். மகன் அரியணை ஏறினால் தாய் 'நமசோலே' ஆவார். ஓடைக்கு அப்பால் தனிக் குன்றில் அரண்மனை, சொந்த நிலங்கள், சொந்த அமைச்சர்கள். அவருடைய சகோதரருக்கு 'சபகான்சி' பட்டம். மறுமணம் மட்டும் கூடாது. 1862இல் வந்த ஆங்கிலப் பயணி ஸ்பீக், முகன்சிர்வாசாவுக்கென்றே தனியாகக் காணிக்கை கொண்டுபோனார்: பித்தளை, செப்புக் கம்பிகள் எட்டு, நீல மணிகள் முப்பது, சீட்டித் துணி பதினாறு முழம். இத்தகைய காணிக்கைப் பட்டியல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். புகழுரையைவிட நம்பகமான அளவுகோல் அதுதான்.

வறுமைக்குத் தனிக் கட்டம் கிடையாது. வெற்றிடங்களில்தான் தேட வேண்டும். அண்டை நாடுகளான புன்யோரோ, புசோகா பக்கம் படையெடுத்துப் பிடித்துவந்த பெண்கள் பலர் மனைவியராகப் பங்கிடப்பட்டார்கள். பிள்ளைகள் தகப்பன் குலத்தில் சேர்ந்தார்கள். ஆனால் தாய்க்காகப் பேச ஓர் அண்ணனோ தம்பியோ பக்கத்தில் இல்லை. சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டிலும் அவள் ஏழைதான். தாய்மாமன் பெயரே வராத குறிப்புகளைப் பென்சிலால் தனியாகச் சுழித்து வையுங்கள்.

பெரும்பாலோர் கையில் எடுப்பது அபோலோ கக்வா 1901இல் அச்சிட்ட அரசர் வரலாறு. அவர் கிறிஸ்தவர், வெட்டுக்கிளிக் குலத்தவர், அப்போதைய தலைமை அமைச்சர். எந்தக் குலத்துக்குப் பெருமை கூடுகிறது என்பதில் ஒரு கண் இருக்கட்டும். முடிந்தால் அந்தந்தக் குலத்தார் சொல்லும் வரலாற்றோடு ஒப்பிடுங்கள்.

நமசோலே என்பது பதவியும்கூட. அவர் இறந்தால் அவர் குலத்திலிருந்தே இன்னொரு பெண்ணை அதில் அமர்த்துவார்கள். முகன்சிர்வாசா இறந்தது 1882. முட்டேசா 1884 வரை இருந்தார். இடைப்பட்ட காலக் குறிப்பில் வரும் நமசோலே பெற்ற தாய் அல்ல. ஆண்டைப் பார்த்த பிறகே இரண்டாவது கட்டத்தை நிரப்புங்கள்.