தண்டு அறுக்கும் இயந்திரத்துக்குக் கத்தி வடிவமைத்தல்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் நம்மவர்களிடம் அறுவடை இயந்திரத்துக்குக் கத்தி கேட்டு வருவோர், பெரும்பாலும் தேய்ந்த பழைய கத்தி ஒன்றைக் கையில் கொண்டுவந்து, இதையே இன்னும் கெட்டியான இரும்பில் செய்து தரும்படி கேட்கிறார்கள். வேலை அங்கேயே தவறான பக்கம் திரும்பிவிடுகிறது. இரும்பைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். வெட்டு விழும் நொடியில் தண்டை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அரிவாளால் அறுப்பவர் இடக்கையால் தாளைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறார். இயந்திரத்தில் அந்தக் கைக்குப் பதிலாக எதிர்க்கத்தி ஒன்று நிற்க வேண்டும்; இல்லையென்றால் தண்டின் சொந்த எடையும் விறைப்பும் வேர்ப்பிடிப்புமே அதைத் தாங்க வேண்டும். முதல் வகை, நெல், கேழ்வரகு போன்ற மெல்லிய தாள்களுக்கான, இடமும் வலமுமாக மாறி மாறி ஓடும் கத்திச் சட்டமான கட்டர் பார். இரண்டாவது, மக்காச்சோளத் தட்டை, கரும்பு போன்ற தடித்த தண்டுகளுக்கான சுழல்கத்தி.

கட்டர் பாரில் முக்கோணக் கத்தியின் வழக்கமான அகலம் 76.2 மி.மீ.; ஒரு முறை ஓடும் தூரமான வீச்சும் அதே அளவு. கத்தியை ஓட்டும் கிராங்க் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால் கத்தியின் சராசரி வேகம் நொடிக்கு 1.27 மீட்டர். வண்டி மணிக்கு 3 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 0.83 மீட்டர் நகர்ந்தால், கத்தி அதைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ இந்த விகிதத்தையே குறியாக வையுங்கள். குறைந்தால் தாள் வெட்டுப்படும் முன்பே முன்னோக்கிச் சாய்ந்து அடித்தாள் உயரமும் தாழ்வுமாக நிற்கும். கூடினால் வெட்டிய இடத்தையே மறுபடியும் வெட்டிக்கொண்டு சட்டம் அதிரும். கத்தி நுனிக்கும் எதிர்க்கத்திக்கும் இடையே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தாண்டினால், மெல்லிய தாள் வெட்டுப்படாமல் மடிந்து அந்த இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

நெல்லுக்குப் பல் வெட்டிய விளிம்புள்ள கருக்கரிவாள் ஏன் ஏற்பட்டது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒன்றையொன்று நெருங்கும் இரு விளிம்புகளுக்கு இடையிலான கோணம், அவ்விரண்டிலும் தண்டுக்கு உள்ள உராய்வுக் கோணங்களின் (எவ்வளவு சாய்த்தால் தண்டு வழுக்கத் தொடங்குமோ அந்தக் கோணங்களின்) கூட்டுத்தொகையை மிஞ்சினால், தண்டு வெட்டுப்படாமல் முன்னே வழுக்கிப் போய்விடும். கருக்கு அந்த வழுக்கலைத் தடுக்கிறது. பச்சைத் தீவனத்துக்கு வழுவழுப்பான விளிம்பே மேல். கருக்கில் சாறும் நாரும் அடைத்துக்கொள்ளும்.

சுழல்கத்தியில் வேகமே எதிர்க்கத்தியின் வேலையைச் செய்கிறது: தண்டு வளைந்து கொடுக்க நேரம் கிடைக்கும் முன்பே வெட்டு முடிந்துவிட வேண்டும். 30 செ.மீ. ஆரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் முனை வேகம் நொடிக்கு 47 மீட்டர். இரண்டு கத்திகள் பொருத்தி வண்டி 3 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அது சுமார் 17 மி.மீ. முன்னேறுகிறது. கூர் தீட்டிய நீளம் இந்த முன்னேற்றத்தைவிடத் தெளிவாக அதிகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டையின் ஒரு பகுதி கூரில்லாத இடத்தில் மோதி நார் நாராகக் கிழியும். வாடிக்கையாளர் வண்டியை வேகமாக ஓட்டுவார் என்று தெரிந்தால், கத்தி எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை அவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டிவிடுங்கள்.

கத்தி விளிம்பின் கூர்க்கோணத்தை ஊகத்தில் விடாமல் ஓர் ஊசல் செய்து சோதிக்கலாம். ஊசல் கையின் முனையில் கத்தியை மாட்டி, தண்டைக் கிளாம்பில் நிறுத்தி, 90 பாகையிலிருந்து விடுங்கள். ஊசலின் எடை 3 கிலோ, எடைமையம் அச்சிலிருந்து 0.8 மீட்டர் என்று கொள்வோம். தண்டில்லாமல் மறுபக்கம் 85 பாகை வரையும், தண்டுடன் 60 பாகை வரையும் ஏறினால், செலவான ஆற்றல் சுமார் 9.7 ஜூல். ஒரே வயலில் ஒரே நாளில் வெட்டிய, ஒரே பருமனுள்ள தண்டுகளை வைத்து 20, 25, 30 பாகைக் கத்திகளை ஒப்பிடுங்கள். உலர்ந்த தண்டையும் பச்சைத் தண்டையும் கலந்தால் ஒப்பீடு பொருளற்றது. ஊசலின் வேகம் சுழல்கத்தியின் வேகத்துக்குப் பக்கத்திலேயே வராது என்பதால், இது கத்திக்குக் கத்தி ஒப்பிட மட்டுமே உதவும். கத்தியை 20 முதல் 30 பாகை வரை சாய்த்து, இழுத்து அறுக்கும்படி வைத்தும் பாருங்கள். உச்ச விசை குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊசலில் மெல்லிய கூரே வெல்லும். வயலில் கல் இருக்கிறது என்பதை ஊசல் அறியாது. நான் முதலில் செய்த ஒரு சோடிக் கத்திக்கு ராக்வெல் சி என்னும் கடின அளவுகோலில் 60 வரை கடினம் ஏற்றி, மக்காச்சோள வயலில் ஓட்டிய முதல் நாளே முனை உதிர்ந்தது. தவறு முழுவதும் என்னுடையது. இப்போது சுழல்கத்திக்கு 65 மாங்கனீசு (65Mn) என்னும் வில் எஃகை 830 பாகை செல்சியசு அளவில் காய்ச்சி, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, பின்பு மறுசூடு காட்டி 45 முதல் 50 வரை நிறுத்துகிறேன். கட்டர் பார் கத்தி மண்ணைத் தொடுவது அரிது என்பதால், விளிம்பு மட்டும் 55 வரை போகலாம். திருகாணித் துளைப் பக்கம் மென்மையாகவே இருக்கட்டும். தோய்ச்சலுக்குப் பின் சாணை பிடிக்கையில் விளிம்பு நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள்.

பொருத்தும் திருகாணியை மலிவாக வாங்காதீர்கள். 400 கிராம் கத்தியின் எடைமையம் 25 செ.மீ. ஆரத்தில் இருந்து 1500 சுற்றில் சுழன்றால், அதை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 250 கிலோ எடைக்குச் சமம். கத்திகளைச் சோடியாக எடை பார்த்து எதிரெதிரே மாட்டுங்கள். முதல் ஓட்டத்தின்போது இரும்புத் தகட்டு மறைப்புக்குப் பின்னால் நில்லுங்கள்.

வயலில் வெட்டிய தட்டையைவிட, நின்றுபோன அடிக்கட்டையை நிதானமாகப் பாருங்கள். மண்டியா பக்கம் கரும்பு வெட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கட்டை பிளந்தால் அதே கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புப் பயிரின் தூரில் அழுகல் நுழைய வழி ஏற்படும். கட்டையின் ஓரத்தில் நார் தொங்கத் தொடங்கியது எத்தனையாவது ஏக்கரில் என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதற்கு அரை ஏக்கர் முன்னதாகவே கத்தியைக் கழற்றிச் சாணைக்கு அனுப்புங்கள்.