ஆறு பேருக்கும் ஒரே மாட் தொகுப்பு: மைன்கிராஃப்ட் சர்வர் வைப்பவர்களுக்கு ஒரு செய்முறை

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு விளையாடலாம் என்று பேசி வைத்திருந்தோம். அக்கா மகன்கள் இரண்டு பேர், அவர்களுடைய நண்பர்கள் நாலு பேர், நான். மாட் என்பது விளையாட்டை மாற்றும், புதியதைச் சேர்க்கும் துணை நிரல். அந்த மாட் கோப்புகளையெல்லாம் ஒரே ஜிப்பாகக் கட்டி முதல் நாளே குழுவில் போட்டிருந்தேன். ஏழு மணிக்கு முதல் செய்தி வந்தது: “மாமா, உள்ளே போக முடியல.” ஒருவன் ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே மாட்ஸ் ஃபோல்டரில் வைத்திருந்தான். இன்னொருவனிடம் இருந்த மைன்கிராஃப்ட் பதிப்பே வேறு. மூன்றாமவன் பழைய மாட்களை அழிக்காமல் அதன் மேலேயே புதியதைக் கொட்டியிருந்தான். ஒன்பதரைக்குச் சின்னவன் தூங்கிப்போனான்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை, நான் கொடுத்த விதம்தான் தப்பு. அன்றிலிருந்து நான் யாருக்கும் மாட் அடங்கிய ஜார் கோப்பு அனுப்புவதில்லை. பட்டியலை மட்டும் அனுப்புகிறேன். கோப்புகளை, விளையாட்டைத் திறந்துவிடும் லாஞ்சர் என்ற மென்பொருளே தேடி எடுத்துக்கொள்கிறது. அதை எப்படிச் செய்வது என்று முதல் முறை சர்வர் வைப்பவருக்குப் புரியும்படி சொல்கிறேன். உதாரணத்துக்கு ஜாவா எடிஷன் 1.20.1, மாட்களை விளையாட்டுக்குள் ஏற்றும் லோடராக ஃபேப்ரிக்.

ஏன் இவ்வளவு பாடு?

ஃபேக்டோரியோவில் சர்வரோடு மாட்களை ஒத்திசைக்கும் பட்டன் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. முன்பு மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்ட லுவான்டியில் மாட் சர்வரில் ஓடும். அதற்கு வேண்டிய படங்களும் ஒலிகளும் சேரும்போதே வந்து இறங்கிவிடும். மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனில் அந்த வசதி இல்லை. புதுப் பொருட்களைச் சேர்க்கும் மாட் சர்வரிலும் ஓட வேண்டும், ஒவ்வொருவர் கணினியிலும் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

எந்த மாட் யார் பக்கம்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சோடியம் திரையில் படம் வரைவதை வேகமாக்கும் மாட். விளையாடுபவர் பக்கம் மட்டும் போதும். லித்தியம் விளையாட்டின் உள்கணக்கை வேகமாக்குகிறது. சர்வரில் மட்டும் இருந்தாலே பலன் தரும். ஃபார்மர்ஸ் டிலைட் மாதிரி புதுச் சமையல் பொருட்களைக் கொண்டுவரும் மாட் இரண்டு பக்கமும் கட்டாயம். சிம்பிள் வாய்ஸ் சாட் நடுவில் நிற்கிறது. சர்வரில் இருந்து, ஒருவரிடம் மட்டும் இல்லாவிட்டால் அவர் விளையாட வரலாம், பேச முடியாது. ஃபேப்ரிக் ஏபிஐ என்பது மற்ற மாட்கள் நம்பியிருக்கும் அடித்தளம். அதை இரண்டு பக்கமும் வைத்துவிடுங்கள்.

சோடியத்தைத் தெரியாமல் சர்வரில் போட்டாலும் ஆபத்தில்லை. ‘நான் கிளையன்ட்டுக்கு (விளையாடுபவர் கணினிக்கு) மட்டும்’ என்று அது தனக்குள்ளேயே எழுதி வைத்திருப்பதால் ஃபேப்ரிக் அதைத் தாண்டிப் போய்விடும். எல்லா மாட்டும் அப்படி எழுதி வைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒன்று சர்வரில் நுழைந்தால் சர்வர் எழும்போதே விழுந்துவிடும். மாட்ரின்த் தளத்தில் ஒவ்வொரு மாட்டின் பக்கத்திலும் அது எந்தப் பக்கத்துக்கு என்று போட்டிருப்பார்கள். சேர்ப்பதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள்.

தொகுப்பைக் கட்டுவது

பிரிசம் லாஞ்சரை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம், திறந்த மூலம். விளையாட்டை முறையாக வாங்கிய கணக்கு மட்டும் வேண்டும். ஆட் இன்ஸ்டன்ஸ் அழுத்தி 1.20.1 தேர்ந்தெடுங்கள், லோடர் கேட்கும் இடத்தில் ஃபேப்ரிக். இந்தப் பதிப்புக்கு ஜாவா 17 தேவை. இன்ஸ்டன்ஸ் என்பது தனி அறை மாதிரி. அதற்குள் போடும் மாட்கள் வேறு எதையும் தொடாது. பழையதன் மேல் புதியதைக் கொட்டும் தொல்லை இங்கேயே ஒழிகிறது.

அப்புறம் எடிட், மாட்ஸ், டவுன்லோட் மாட்ஸ். மாட்ரின்த்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். உங்கள் பதிப்புக்கும் லோடருக்கும் பொருந்தியவை மட்டுமே பட்டியலில் வரும். ஒரு மாட் இன்னொன்றை நம்பியிருந்தால் அதையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். முதல் முறைக்கு ஐந்தாறு மாட் போதும். நாற்பதைப் போட்டுவிட்டு எது உடைத்தது என்று தேடுவது கொடுமை. ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் விளையாட்டைத் திறந்து பாருங்கள். பொறுமை வேண்டும்தான். ஆனால் நீங்கள் இங்கே செலவழிக்கும் அரை மணி நேரம் ஆறு பேருடைய மாலை நேரத்தைக் காப்பாற்றும்.

ஏற்றுமதி

இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட், அதில் மாட்ரின்த் வடிவம். எம்ஆர்பேக் என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். அதுவும் ஒரு ஜிப்தான். உள்ளே இருப்பது ஒரு பட்டியல்: எந்த மாட், எந்த இணைப்பிலிருந்து, அதன் ஹேஷ் என்ன. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. இறங்கிய கோப்பு ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை பொருந்தாது. விளையாட்டின் பதிப்பும் லோடரின் பதிப்பும் அதே பட்டியலில் இருப்பதால் ‘என்னிடம் வேறு பதிப்பு’ என்ற பேச்சே எழாது.

எதையெல்லாம் உள்ளே வைக்கலாம் என்று ஒரு மரம் மாதிரிப் பட்டியல் காட்டும். அதில் கவனம் வையுங்கள். உங்கள் சொந்த உலகங்கள், லாக், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆப்ஷன்ஸ் கோப்பையும் எடுத்துவிடுங்கள். அதில் உங்கள் விசைப்பலகை அமைப்பு இருக்கிறது, நண்பருடையதை அது அழித்துவிடக்கூடாது. கான்ஃபிக் ஃபோல்டர் இருக்கட்டும். சர்வர்ஸ் என்ற டேட் கோப்பையும் வைத்தால் நண்பர் திறந்ததும் மல்டிபிளேயர் பட்டியலில் உங்கள் சர்வர் முகவரி தயாராக நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. உங்கள் பட்டியலில் இருக்கும் மற்ற சர்வர்களும் கூடவே போகும் என்பதால் அவற்றை முதலில் நீக்கிவிடுங்கள்.

பட்டியலாக அனுப்புவதில் பாதுகாப்பும் இருக்கிறது. 2023 ஜூனில் ஃபிராக்ச்சரைசர் என்ற தீநிரல் மாட்களுக்குள் ஒளிந்து பரவியது. ஒரு கணினியில் நுழைந்ததும் அங்கிருந்த மற்ற ஜார் கோப்புகளிலும் தன்னைத் திணித்துக்கொள்ளும் திறன் அதற்கு இருந்தது. அதாவது நல்ல இடத்தில் எடுத்த மாட்கூட, நோய் பிடித்த கணினி வழியாகக் கை மாறினால் கெட்டுப்போயிருக்கலாம். மூல இடத்திலிருந்து இறக்கிக் கைரேகை பார்ப்பது அந்த வழியை அடைக்கிறது. மாட் எழுதியவருக்கும் நியாயம், பதிவிறக்கக் கணக்கு அவருடைய பக்கத்திலேயே ஏறும்.

நண்பர் செய்ய வேண்டியது

பிரிசம் திறந்து ஆட் இன்ஸ்டன்ஸ், இம்போர்ட், கோப்பைக் காட்டு, ஓகே. அவ்வளவுதான். இந்த ஒரு வரியைத்தான் நான் குழுவில் பின் செய்து வைத்திருக்கிறேன்.

சர்வர் பக்கம்

ஃபேப்ரிக் தளத்தில் 1.20.1க்கான சர்வர் ஜாரை எடுத்து ஒரு தனி ஃபோல்டரில் வைத்து ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் நின்றுவிடும். யூலா என்ற கோப்பைத் திறந்து, விதிமுறைகளைப் படித்து, ஃபால்ஸ் என்பதை ட்ரூ ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். உங்கள் இன்ஸ்டன்ஸின் மாட்ஸ் ஃபோல்டரிலிருந்து சோடியம் போன்ற கிளையன்ட் மாட்களை விட்டுவிட்டு மற்றவற்றைச் சர்வரின் மாட்ஸ் ஃபோல்டரில் வையுங்கள்.

விளையாட்டுக்கு 25565 டிசிபி போர்ட், அதாவது சர்வருக்கு வெளியிலிருந்து வரும் இணைய வாசல், திறந்திருக்க வேண்டும். சிம்பிள் வாய்ஸ் சாட்டுக்குத் தனியாக 24454 யுடிபி. இதை மறந்தால் எல்லோரும் உள்ளே வருவார்கள், யார் குரலும் கேட்காது.

மாட் அடிக்கடி மாறினால்

மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்கு மேலே சொன்னதே போதும். வாரா வாரம் மாற்றினால் ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பு அனுப்ப வேண்டிவரும், யாராவது ஒருவர் தவறவிடுவார். அதற்கு பேக்விஸ் என்ற கருவி இருக்கிறது. டெர்மினலில் ஓடுவது. கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

வெறும் ஃபோல்டரில் ‘பேக்விஸ் இனிட்’ கொடுத்தால் தொகுப்பின் பெயர், விளையாட்டின் பதிப்பு, லோடர் எல்லாம் கேட்கும். ‘பேக்விஸ் மாட்ரின்த் ஆட்’ என்று போட்டு மாட்டின் பெயரைச் சேர்த்தால், ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு சிறு உரைக் கோப்பு உருவாகும். அதில் சைட் என்ற வரி கிளையன்ட், சர்வர், இரண்டும் என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லும். தப்பாக இருந்தால் கையால் திருத்தி, ‘பேக்விஸ் ரிஃப்ரெஷ்’ கொடுங்கள்.

இந்த ஃபோல்டரைக் கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் ஒரு நிலையான இணைப்பு கிடைக்கும். விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. அங்கே ஏற்றப் பயன்படும் கிட் என்ற கருவி கோப்புகளின் வரி முடிவுகளைத் தானாக மாற்றிவிடும், உடனே கைரேகை பொருந்தாது என்று எல்லோருக்கும் பிழை வரும். கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில், உடுக்குறி (*), ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டி டெக்ஸ்ட் என்று ஒரே வரி போட்டு அதை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, பேக்விஸ் இன்ஸ்டாலர் பூட்ஸ்ட்ராப் என்ற ஜாரை இன்ஸ்டன்ஸின் மைன்கிராஃப்ட் ஃபோல்டரில் வைத்து, பிரிசமில் கஸ்டம் கமாண்ட்ஸ் பகுதியில் ப்ரீ-லாஞ்ச் கட்டளையாக அதையும், ஃபோல்டரில் பேக்விஸ் உருவாக்கிய பேக் டாம்ல் கோப்பின் இணைப்பையும் கொடுங்கள். அந்த இன்ஸ்டன்ஸை ஒருமுறை ஜிப்பாக ஏற்றுமதி செய்து எல்லோருக்கும் அனுப்பினால் போதும். அதற்குப் பிறகு அவர்கள் விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் பட்டியலை ஒப்பிட்டு, புதியதை இறக்கி, நீக்கப்பட்டதை நீக்கிவிடும். அதே ஜாரைச் சர்வர் பக்கத்துக்கான விருப்பத்தோடு ஓட்டினால் கிளையன்ட் மாட்களை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொள்ளும், நீங்கள் கையால் பிரிக்க வேண்டியதில்லை.

பட்டியலை மாற்றும் நாளில் மட்டும் நான் வைத்திருக்கும் வரிசை இது. சர்வரை நிறுத்துவேன். வேர்ல்ட் ஃபோல்டரை வேறு வட்டில் நகலெடுப்பேன். அப்புறம்தான் புதுப் பட்டியல் சர்வருக்கு, கடைசியில் நண்பர்களுக்கு. பொருட்களைச் சேர்க்கும் மாட்டை நீக்கினால், அந்த மாட்டின் கட்டைகள் உலகத்தில் ஏற்றப்படும்போது காணாமல் போய்விடும். சின்னவன் மூன்று வாரம் கட்டிய சமையலறை அதில்தான் இருக்கிறது. நகல் எடுக்காமல் அந்த மாட்டை நான் தொடுவதில்லை.