சிறிய பங்கில் பாடகர் குழு: கடைசி பெஞ்சும் பாட வேண்டுமானால்

கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஓர் ஊரின் தேவாலயச் சமூகத்தில், பாடகர் குழுவின் முதல் வேலை, பூசைக்குக் கோவிலில் இருக்கும் மற்றவர்களைப் பாட வைப்பது. குழு மட்டும் நன்றாகப் பாடி, மக்கள் வாய்மூடி நின்றால் அந்த ஞாயிறு பாதிதான் நடந்திருக்கிறது. நூறு குடும்பங்கள் உள்ள பங்குக்கு எட்டுப் பேர் போதும்: ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். அவர்களோடு ஒரு கீபோர்டு, ஒரு தபேலா. பிளஸ் டூ தேர்வு நெருங்கினால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதால், குழுவில் பாதிப் பேராவது ஊரிலேயே இருக்கும் பெரியவர்களாக இருக்கட்டும்.

எதை முதலில் பாடுவது?

பல பங்குகளில் வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்களுக்கு வாராவாரம் புதுப்பாட்டு தேடுகிறார்கள். எல்லாரும் சேர்ந்து பாட வேண்டிய 'தூயவர், தூயவர்' என்ற புகழ்ச்சி மட்டும் வாசிப்பாகப் போய்விடுகிறது. இது தலைகீழ். திரு இசை பற்றி 1967-இல் உரோமையிலிருந்து வந்த அறிவுரை, குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் பகுதிகளையும் மக்களின் ஆர்ப்பரிப்புகளையும்தான் முதலில் பாடச் சொல்கிறது. ஆகவே அல்லேலூயா, தூயவர், நற்கருணை மன்றாட்டின் (குரு அப்ப, இரசத்தின் மேல் சொல்லும் முதன்மை மன்றாட்டு) இறுதி ஆமென் இந்த மூன்றில் தொடங்குங்கள். தவக்காலம் போன்ற ஒரு வழிபாட்டுக் காலம் முழுவதற்கும் ஒரே மெட்டு. நான்காவது ஞாயிறு வரும்போது கடைசி பெஞ்சில் இருப்பவரும் புத்தகம் இல்லாமல் பாடுவார். 'தூயவர்', 'உலகின் பாவம் போக்கும்' ஆகியவற்றுக்குத் திருப்பலிப் புத்தகத்தின் சொற்களே வரவேண்டும். அதே கருத்துள்ள வேறு பாட்டை அங்கே வைக்க அனுமதி இல்லை.

பதிலுரைப் பாடல் என்பது முதல் வாசகத்துக்குப் பின் மக்கள் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் திருப்பாடல். அதற்குத் தனி மெட்டு வாரந்தோறும் அமைக்கத் தேவையில்லை. 'ஆண்டவரே என் ஆயர். எனக்கேதும் குறையில்லை' என்ற பதிலுரையை எடுத்துக்கொள்வோம். 'ஆண்டவரே என்' முழுவதும் பஞ்சமத்தில் நிற்கட்டும். 'ஆயர்' என்பதன் கடைசி அசையில் மத்திமத்துக்கு இறங்குங்கள். 'எனக்கேதும்' மத்திமத்திலேயே ஓடி, 'குறையில்லை' ம க ரி ஸ என்று ஷட்ஜத்தில் வந்து அமரட்டும். இதே சட்டத்தில் எந்தத் திருப்பாடலையும் பொருத்தலாம். பாடுபவர் பதிலுரையை ஒருமுறை பாட, மக்கள் உடனே திருப்பிப் பாட வேண்டும். அந்த இடத்தில் கீபோர்டு இடையிசை வாசித்தால் மக்கள் தங்கள் முறை எதுவென்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். வசனங்களைப் பாட ஆள் இல்லாவிட்டால், பதிலுரையை மட்டும் பாடி வசனங்களை நிதானமாக வாசிக்கலாம்.

சுருதி

மக்கள் பாடாததற்குப் பெரும்பாலும் பக்திக் குறைவு காரணமல்ல, சுருதிதான். ஒலிப்பதிவில் பயிற்சி பெற்ற பாடகர் பாடிய கட்டையிலேயே (சுருதி உயரத்திலேயே) நாமும் எடுத்தால், பல்லவியிலேயே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை முதலில் கண்டுபிடியுங்கள். பெண்கள் குரலுக்கு அது மேல் 'டி'யைத் தாண்டக் கூடாது. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். ஒரு கட்டையில், அதாவது 'சி'யில் உள்ள பாட்டு மேல் காந்தாரத்தைத் தொட்டால் 'ஈ' வரை போகிறது என்று பொருள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸை மைனஸ் இரண்டில் வைத்தால் அது ஆறரைக் கட்டைக்கு இறங்கி, உச்சம் 'டி'யில் நிற்கும். அதே பாட்டு கீழ் பஞ்சமத்துக்கும் போனால் பெண்களுக்கு எட்டாது. அப்படிப்பட்ட சரணத்தைக் குழு பாடட்டும், பல்லவி மக்களுக்கு. விடிகாலைப் பூசைக்குக் குரல் திறந்திருக்காது. இன்னொரு அரைக் கட்டை குறைத்துக்கொள்வது நல்லது.

ட்ரான்ஸ்போஸில் ஒரு ஆபத்து உண்டு. பாட்டு முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால் அடுத்த பாட்டு வேறு சுருதியில் தொடங்கும், யாருக்கும் காரணம் புரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை, ட்ரான்ஸ்போஸ் எண், டெம்போ மூன்றையும் நோட்டில் பாட்டின் தலைப்புக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். முகப்பிசை பல்லவியின் கடைசி வரியாக இருந்தால் போதும். எங்கே எடுக்க வேண்டும் என்று மக்களுக்கே தெரிந்துவிடும். கீபோர்டின் ரெடிமேட் ரிதம் எதிரொலி உள்ள கோவிலில் மக்களை விட்டு ஓடும். டெம்போவை ஒலிப்பதிவில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கரோக்கி ட்ராக் வேண்டவே வேண்டாம். அது பீடத்துக்காகவும் காத்திருக்காது, மக்களுக்காகவும் காத்திருக்காது.

எப்போது நிறுத்துவது?

பீடத்தைப் பார்க்கும் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். குரு பீடத்தை முத்தமிட்டு இருக்கைக்கு வந்ததும், அந்தப் பல்லவியோடு வருகைப் பாடலை முடியுங்கள். இன்னும் இரண்டு சரணம் மிச்சமிருந்தாலும் சரி. காணிக்கைப் பாடல் அவர் கை கழுவும்போது முடிய வேண்டும். திருவிருந்துப் பாடல் குரு நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்க வேண்டும். பல இடங்களில் குழு வரிசையில் போய்வந்த பிறகுதான் பாட்டு எழும்புகிறது. பாதிப் பேர் முதலிலும் மீதிப் பேர் கடைசியிலும் நற்கருணை வாங்கினால் இந்த இடைவெளி வராது. வரிசையில் நடப்பவர் கையில் புத்தகம் இருக்காது என்பதால் அங்கே குட்டையான, மனப்பாடமான பல்லவி உள்ள பாட்டையே எடுங்கள். குரு நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது கீபோர்டில் மெல்லிய பின்னணி வாசிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நிறுத்துங்கள், அந்த நேரத்தில் கருவிகள் மௌனமாக இருக்க வேண்டும் என்பது விதி.

மைக்

ஆளுக்கொரு மைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், ஊளை (ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போய் எழும் கீச்சொலி) எழும்பாமல் வைக்கக்கூடிய ஒலி 3 டெசிபல் குறைகிறது. முன்னணிப் பாடகருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு நடுவில் இரண்டு. ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், மக்களைப் பார்த்து இருக்கட்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அது பின்பக்க ஒலியையும் இழுத்து ஊளையிடும். மிக்சரில் எக்கோவை அணைத்துவிடுங்கள். கோவில் சுவரே வேண்டிய எதிரொலியைத் தருகிறது. மக்கள் பல்லவியைப் பிடித்துக்கொண்டதும் முன்னணிப் பாடகர் மைக்கிலிருந்து ஓரடி பின்வாங்க வேண்டும். தன் குரல் தனக்கே கேட்டால்தான் ஒருவர் பாடுவார்.

பயிற்சி

சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போதும். முதலில் பதிலுரைப் பாடல், ஏனென்றால் அது வாரந்தோறும் மாறுகிறது. புதுப்பாட்டு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதையும் பூசைக்கு முன் ஐந்து நிமிடம் மக்களோடு பாடிப் பார்த்துவிட்டு, தொடர்ந்து மூன்று ஞாயிறு பாடுங்கள். ஒரே வாரம் பாடி மூடிவைத்த பாட்டு யாருக்கும் சொந்தமாகாது.

தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது, நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி வரும். 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் மார்ச் 19, 25 போன்ற பெருவிழாக்களிலும் விழாக்களிலும் மட்டும். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். முகப்பிசை, தனி வாசிப்பு எதுவும் இல்லை. பெரிய வியாழன் மாலை மணிகள் முழங்க 'உன்னதங்களிலே' பாடி முடிந்தபின், ஈஸ்டருக்கு முந்தின இரவின் பாஸ்கா திருவிழிப்பில் அது மீண்டும் எழும்வரை இதே கட்டுப்பாடுதான். பெரிய வெள்ளிக்குக் கீபோர்டையே மூடிவைத்துவிட்டுப் பாடுவது சிறந்தது. அதற்கு வெறுங்குரலில் சுருதி பிடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவரைத் தவக்காலத்தின் முதல் சனிக்கிழமையே தேர்ந்து, சுருதிப்பெட்டியில் ஒரு சுரத்தை மட்டும் கேட்டுப் பாட்டெடுக்கப் பழக்குங்கள்.