புதிய காரில் வேறு ஸ்டீரியோ பொருத்தும்போது ஒயர்களை இணைக்கும் முறை

ஜப்பானில் விற்பதற்கென்றே செய்யப்பட்டு, தனியார் இறக்குமதியாளர் வழியாகச் சிங்கப்பூருக்கு வரும் கார்களில் சிலவற்றின் வானொலி, ஜப்பானின் பண்பலை வரிசையான 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே பிடிக்கும் என்பதால், அதில் சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 கேட்காது. ஸ்டீரியோவை மாற்ற நம்மவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால், பழைய கார்களில் செய்ததுபோல் ஒயர்களை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றும் வேலை இன்றைய கார்களுக்குச் சற்றும் பொருந்தாது.

கடையில் வாங்கும் ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயருக்கு எந்நேரமும் 12 வோல்ட் வேண்டும்; சிவப்பு ஒயருக்குக் கார் இயக்கப்பட்டிருக்கும்போது மட்டும் 12 வோல்ட் வேண்டும்; கறுப்பு ஒயர் எர்த். சிக்கல் சிவப்பில்தான். இன்றைய கார்கள் பலவற்றில் அதற்கு ஈடான ஒயரே கிடையாது. ஸ்டீரியோவை இயக்கும் கட்டளை, கேன் பஸ் எனப்படும், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர்கள் வழியே தரவாக வருகிறது. அவற்றில் இருப்பது ஏறத்தாழ 2.5 வோல்ட்தான் என்பதால், சோதனை விளக்கை ஒதுக்கிவிட்டு மல்டிமீட்டரால் மட்டுமே அளக்க வேண்டும்.

எனவே, காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய அடாப்டர் ஒயர் தொகுதியையும் கேன் பஸ் பெட்டியையும் முதலில் வாங்குங்கள். அந்தப் பெட்டி தரவைப் படித்துச் சிவப்பு ஒயருக்கு 12 வோல்ட்டைத் தருவதோடு, பெரும்பாலும் ஸ்டியரிங் பொத்தான்களையும் வேலை செய்ய வைக்கும். அந்தச் செலவை மிச்சப்படுத்தச் சிலர் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். பாட்டு கேட்கும், ஆனால் காரைப் பூட்டிய பிறகும் ஸ்டீரியோ மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருந்து பேட்டரியைத் தீர்த்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையை (நெகட்டிவ்) கழற்றுங்கள். தானாக எஞ்சினை நிறுத்தி இயக்கும் வசதியுள்ள கார்களில் அம்முனையிலேயே மின்னோட்ட உணரி இருக்கும் என்பதால், நெம்பாமல் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

இணைப்புகளை மேசையில் வைத்தே முடித்துவிடலாம். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது ஒலிபெருக்கி. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது எதிர்முனை. இந்த நிறங்கள் புதிய ஸ்டீரியோவுக்கும் அடாப்டருக்கும் பொதுவாகப் பொருந்துமே தவிர, காரின் சொந்த ஒயர்களுக்குப் பொருந்தா. ஒவ்வோர் இணைப்பையும் கிரிம்ப் செய்து, அதாவது இணைப்பியை அதற்கான இடுக்கியால் அழுத்திப் பொருத்தி, விரலால் இழுத்துப் பாருங்கள். செம்புக் கம்பியின் ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒலிபெருக்கியின் எதிர்முனையை எர்த்துடன் ஒருபோதும் இணைக்காதீர்கள். இன்றைய ஸ்டீரியோக்களில் அம்முனையிலும் மின்னழுத்தம் உண்டு. எர்த்தில் பட்டால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகலாம்.

ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஆன்டெனாவின் பெருக்கிக்கு ஆன்டெனா கேபிள் வழியாகவே மின்சாரம் செல்கிறது. அத்தகைய காருக்கு, மின்சாரம் செலுத்தும் ஆன்டெனா அடாப்டரை வாங்கி அதன் ஒயரை ஸ்டீரியோவின் நீல ஒயருடன் இணைக்காவிட்டால், ஒலி 96.8 இரைச்சலோடுதான் கேட்கும்.

சிங்கப்பூரின் மின்னணுச் சாலைக் கட்டணமான இஆர்பிக்காகக் காரில் பொருத்தப்படும் ஓபியு கருவியின் ஒயரிலிருந்து எக்காரணம் கொண்டும் மின்சாரம் எடுக்காதீர்கள்.

டேஷ்போர்டை மூடுமுன் நான்கு ஒலிபெருக்கிகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிறகு பேட்டரியின் எதிர்முனைக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் இடையில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, காரைப் பூட்டி, அதன் கணினிகள் ஓயும்வரை காத்திருந்து மின்னோட்டத்தை அளவிடுங்கள். அப்போது எஞ்சினை இயக்கிவிடக் கூடாது. பெரும்பாலான கார்களில் அது 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மிகுந்தால், சிவப்பு ஒயரில் இன்னும் 12 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.